நமக்கு ஏற்ற இயங்குதளம் எது?

(சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டில், கொல்லிமலைச் செம்மேட்டில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. அதன் அருமையை நமக்கு முன்னர்ப் பேசியோர் நன்கு எடுத்துரைத்தனர். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றோடு ஒப்பிடச் சிறியது போலத் தோன்றும். நம் வீடுகளிலும் சங்கப் படிப்பகத்திலும் கிடக்கும் பழைய மடிக்கணினிகளை மீண்டும் இயங்கச் செய்வதற்கு, கட்டற்ற இயங்குதளங்கள் பலவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்பதே அப்பொருள்.

இஃது ஏதோ பொறியியல் கற்றோர்க்குரிய கேள்வி என்று எவரும் எண்ணிவிட வேண்டா. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் நுழைந்த முதல் கணினி அதுவே. எழுத்தே நுழையாதிருந்த தெருக்களில் கணினி நுழைந்தது என்பது சிறு மாற்றமன்று. ஆனால் இன்று அக்கணினிகளின் நிலை என்ன? பல, பரண்மீது துணி சுற்றிக் கிடக்கின்றன. சில, பழைய இரும்பு விலைக்குப் போயின. பழுது பார்க்கும் கடையில் கேட்டால், ‘இது இனி ஓடாது, புதிது வாங்குங்கள்’ என்கின்றனர். அல்லது உரிமம் இல்லாத விண்டோஸ் படியொன்றை ஏற்றித் தருகின்றனர். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளிலும் முடிந்துபோயின. விண்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விதி. நம் பழைய கணினிகள் பல அத்தகுதியைப் பெறா. ஆதலின், கணினியின் உடல் நன்றாயிருக்க, உயிர் போய்விட்டது என்று சொல்லி அடக்கம் செய்கிறோம். இதனைத் தடுக்க வழி உண்டு என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

இயங்குதளம் என்பது யாது? பள்ளிப் பாடநூலில் இதனை ‘இயக்க அமைப்பு’ என்று படித்திருப்பீர்கள். ஒரு பள்ளிக்கு அலுவலகம் எப்படியோ அப்படி, கணினிக்கு இயங்குதளம். எந்த வகுப்புக்கு எந்த அறை, எப்பொழுது எந்தப் பாடவேளை, பொருளறையின் சாவி யாரிடம் என்பனவற்றை அலுவலகம் வகுத்துக் கொடுக்கிறது. அதுபோல நினைவகத்தையும், திரையையும், விசைப்பலகையையும், அச்சுப்பொறியையும் எந்தச் செயலி எப்பொழுது பயன்படுத்தலாம் என்பதை இயங்குதளம் வகுத்துத் தருகிறது. விண்டோஸ் அவற்றுள் ஒன்று. அதன் மூல நிரல் நிறுவனத்தின் உடைமை. நாம் அதனைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே பெறுகிறோம்.

இந்நிலைக்கு மாற்றாக, அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் நடுக்கருவை, உருவாக்கி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இவ்விரண்டும் சேர்ந்ததே குனு லினக்ஸ். இதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு. கட்டற்ற மென்பொருள் நமக்கு நான்கு உரிமைகளைத் தருகிறது. எப்பணிக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை வெளியிடலாம். இந்நான்கில் மூன்றாவது உரிமையை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் பெற்ற ஒரே படியை நூறு பேருக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம். அது திருட்டன்று, சட்டம் ஒப்பும் செயல்.

திருத்தி வெளியிடும் உரிமை எவர்க்கும் உண்டு என்றால், திருத்தங்கள் பலவாகப் பெருகுவது இயற்கையன்றோ? லினக்ஸ் கெர்னலோடு தேவையான கருவிகள், திரைச்சூழல், செயலிகள், நிறுவும் முறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குழுவினர் கட்டித் தரும் தொகுப்பே ‘வழங்கல்’ எனப்படுகிறது. இம்மலையில் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. சாமை ஒன்றுதான். ஆயினும் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று நம் மலையில் அதற்குப் பல வகைகள். ஒவ்வொன்றையும் நிலத்தின் சரிவையும், மண்ணையும், மழையையும், வீட்டின் தேவையையும் பார்த்து விதைத்தனர் முன்னோர். ஒருவர் விதை மற்றவர் வீட்டுக்குக் கைமாற்றாகப் போயிற்று; எவரும் அதற்கு உரிமம் கேட்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் அத்தகைய சிறுதானிய விதைகளைக் காக்கும் பணியைச் செய்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். விதைகளில் ‘எது சிறந்தது?’ என்று எவரேனும் கேட்டால், அனுபவம் உள்ள உழவர், ‘உன் நிலம் எது?’ என்றுதான் திருப்பிக் கேட்பார். வழங்கல்களின் தெரிவும் அவ்வாறே.

வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருப்பினும், குடும்பங்கள் சிலவே. 1993இல் தோன்றிய டெபியன் ஒரு பெருங்குடும்பத்தின் தாய். 2004இல் வந்த உபுண்டு அதன் வழிவந்தது. 2006இல் வந்த லினக்ஸ் மின்ட், உபுண்டுவின் வழிவந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பத்ததே. ரெட் ஹாட் நிறுவனத்தைச் சார்ந்து 2003இல் தோன்றிய பெடோரா மற்றொரு குடும்பம். இவையன்றி ஆர்ச் முதலான தனி மரபுகளும் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒன்றைப் பழகியவர், அதே குடும்பத்தின் பிறவற்றை ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். ஆகவே, முதலில் தெரிய வேண்டியது குடும்பமே; பெயர் அதற்குப் பின்னர்.

இனி, தெரிவு செய்வதற்கு நான்கு கேள்விகளை வகுத்துக்கொள்வோம்.

முதற்கேள்வி: நம்மிடம் உள்ள கணினி எத்தகையது? நினைவகம் எவ்வளவு, செயலி 32 பிட் வகையா 64 பிட் வகையா, வன்தட்டு நல்ல நிலையில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் 2 ஜி.பி. அளவினது. அதில் கண்ணைக் கவரும் கனத்த திரைச்சூழலை ஏற்றினால், மாட்டு வண்டியில் லாரிச் சுமையை ஏற்றியது போலாகும். வழங்கல் ஒன்றாயினும் திரைச்சூழல் வேறுபடும் என்பதை நினைவிற் கொள்க. க்னோம் என்பது கனத்தது; எக்ஸ்எப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்பன இலகுவானவை. லினக்ஸ் மின்ட் வழங்கலின் 22ஆம் வரிசைக்குக் குறைந்தது 2 ஜி.பி. வேண்டும், 4 ஜி.பி. இருத்தல் நலம் என்று அதனை வெளியிடுவோரே கூறுகின்றனர். செயலியைப் பற்றியும் ஒரு சொல். 64 பிட் செயலி மீது 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருத்தல் உண்டு. திரையில் காண்பதை மட்டும் நம்பிக் கணினியைக் குறைத்து மதிப்பிட வேண்டா. உண்மையாகவே 32 பிட் செயலி எனில் தெரிவு சுருங்கிவிடும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அத்தகைய கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது.

இரண்டாம் கேள்வி: எப்பணிக்காகக் கணினி வேண்டும்? கடிதம் எழுதுதல், கணக்கு அட்டவணை, பாடக்குறிப்பு, இணையத்தில் விண்ணப்பம், போட்டித் தேர்வுக்குப் படித்தல் ஆகியவற்றிற்கு எந்த வழங்கலும் போதும். லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலகச் செயலித் தொகுப்பு இவை அனைத்திலும் உண்டு. 2018இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டுவும், ஓபன் ஆபீஸும் பாடமாக இடம்பெற்றன. லிப்ரே ஆபீஸ் அந்த ஓபன் ஆபீஸிலிருந்து 2010இல் கிளைத்ததே. ஆதலின் மேனிலை மாணவர்க்கு இது புத்தகப் பாடத்தின் செய்முறையுமாகும். கணினித் துறையில் பணி தேடுவோர்க்கோ இதன் பயன் பன்மடங்கு. உலகின் இணையச் சேவையகங்களில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸ் மீதே இயங்குகின்றன; கையிலுள்ள ஆண்ட்ராய்டு செல்பேசியின் கெர்னலும் லினக்ஸே.

ஆயினும் குறையையும் சொல்லுதல் கடமை. கடைக்கணக்கு எழுதும் டேலி என்னும் செயலி விண்டோஸுக்கு உரியது. சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் லினக்ஸில் தகராறு செய்யும். அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வு எழுதுவோர், தேர்வு மையத்தில் எந்த மென்பொருள் உள்ளதோ அதனையும் பழகியே தீர வேண்டும். இத்தகையோர் விண்டோஸ் கணினி ஒன்றையும் அணுகும் வாய்ப்பை வைத்துக்கொள்வது அறிவுடைமை. எல்லாம் லினக்ஸிலேயே முடியும் என்று சொல்லி ஒரு பிள்ளையின் வேலைவாய்ப்பைக் கெடுத்தல் ஆகாது.

மூன்றாம் கேள்வி: தமிழ் அதில் எப்படி இருக்கிறது? இக்கேள்வியை நம்மவர் கேட்பதே இல்லை. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை, டெபியன் உபுண்டு குடும்ப வழங்கல்களில் கிடைக்கிறது. மெய்வரிசை விசையை அழுத்தி உயிர் விசையை அழுத்தினால் உயிர்மெய் பிறக்கும். நம் இலக்கணத்தையே விரலில் வைத்தது போன்ற முறை. பழைய தட்டச்சுப் பொறி முறையில் பழகியோர்க்கு அம்முறையும் உண்டு. ஒருங்குறி என்னும் யூனிகோடு எழுத்துரு இருப்பின் எங்கும் படிக்கலாம். ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்களைத் திறந்தால் எழுத்துகள் குழம்பித் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். கிராம சபை மனுவோ, சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதமோ, தாய்மொழியில் தவறின்றித் தட்டச்சிட இயலாத கணினி நமக்கு அரைக் கணினியே. எனவே எந்த வழங்கலை நிறுவினாலும், முதல் நாளே தமிழ் உள்ளிடு முறையை அமைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தல் வேண்டும்.

நான்காம் கேள்வியே தலையாயது: பழுதானால் துணை யார், எத்தனை ஆண்டுகளுக்கு? ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் காலம் உண்டு. உபுண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு அக்காலம் ஐந்து ஆண்டுகள். 2024 ஏப்ரலில் வந்தது 2029 வரை செல்லும். மின்ட் 22உம் அவ்வாறே. டெபியன் பதிப்புகளுக்கும் நீட்டித்த ஆதரவோடு சேர்த்து ஐந்தாண்டுகள் கிடைக்கின்றன. பெடோராப் பதிப்பு ஒன்றின் ஆயுளோ ஏறத்தாழ 13 மாதங்களே. ஆர்ச் போன்றவற்றில் பதிப்பு என்பதே இல்லை. நாள்தோறும் புதுமை வந்துகொண்டே இருக்கும், நாமும் இடையறாது பதிவிறக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். நகரத்தில் விரைவான இணையம் உள்ளோர்க்கு அது பொருந்தலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, செல்பேசி அலை சரிவரக் கிட்டாத ஊர்களும் உள்ள இடத்தில், இடையறாத பதிவிறக்கத்தை நம்பிய வழங்கல் பொருந்தாது. கணினி ஒன்று பழுதானால் சேந்தமங்கலத்திற்கோ நாமக்கல்லுக்கோ இறங்கி ஏறுவதில் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே அதிகம் மாறாததும், நீண்டகாலம் காக்கப்படுவதும், பக்கத்து வீட்டுத் தம்பி தங்கைக்குத் தெரிந்ததுமான வழங்கலே நமக்குச் சிறந்த வழங்கல்.

இளைஞர்கள் சிலர், திரைப்படங்களில் வரும் கறுப்புத் திரையையும் பச்சை எழுத்தையும் கண்டு, காளி லினக்ஸ் என்பதை முதல் வழங்கலாக நிறுவ விரும்புகின்றனர். அது பாதுகாப்புச் சோதனை செய்யும் வல்லுநர்க்கென உருவானது. தொடக்க நிலையினர்க்கு உரியதன்று என்று அதன் ஆக்கியோரே கூறுகின்றனர். வேறு சிலர் திங்களுக்கு ஒரு வழங்கலாக மாற்றி மாற்றி நிறுவுவதையே கணினி அறிவு என்று கருதுகின்றனர். அகல உழுவதினும் ஆழ உழுவதே மேல்.

நிறுவும் முறையிலும் சில எச்சரிக்கைகள் உள. நிறுவுமுன் படங்கள், சான்றிதழ்கள், பாடக்குறிப்புகள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். தவறான தெரிவை ஒருமுறை அழுத்தினால் வன்தட்டு முழுவதும் அழிந்துபோகும். நிறுவாமலே, பென்டிரைவில் இருந்தபடியே வழங்கலை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. வைபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தொடுதட்டு வேலை செய்கிறதா என்று அப்படிப் பார்த்த பின்னரே நிறுவுக. வழங்கலை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே பெறுக. பெற்ற பின் அதற்குரிய சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்க்க. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்திலேயே அத்துமீறி நுழைந்தோர், கேடு கலந்த படியொன்றை அங்கே பதிவிறக்கத்திற்கு வைத்துவிட்டனர். குழுவினர் அதனை மறைக்காமல் உடனே உலகிற்கு அறிவித்தனர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் முதுமொழி இதற்கும் பொருந்தும். லினக்ஸில் வைரஸ் தொல்லை குறைவு என்பது மெய். ஆயினும் கடவுச்சொல்லை ஏமாந்து பிறர்க்குக் கொடுப்போரை எந்த இயங்குதளமும் காவாது.

தனி ஒருவர் தெரிந்தெடுப்பது வேறு, ஒரு சமுதாயம் தெரிந்தெடுப்பது வேறு. கூடித் தெரிந்தெடுத்தோர் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

நம் அண்டை மாநிலமாகிய கேரளம், 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே, அந்தப் பத்தாண்டிலேயே தன் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வழங்கலைத் தேடி அலையவில்லை. உபுண்டுவைத் தம் பாடத்திட்டத்திற்கு ஏற்பத் திருத்தி, ஒரே வழங்கலாக்கி, ஆசிரியர்க்குப் பயிற்சியும் தந்தனர். காசர்கோட்டு ஆசிரியர் கற்றது திருவனந்தபுரத்து ஆசிரியர்க்கும் பயன்பட்டது. வெற்றியின் மறைபொருள் அதுவே.

ஸ்பெயின் நாட்டில் எக்ஸ்ட்ரீமதுரா என்னும் வறிய மாநிலம் ஒன்று உண்டு. 2002இல் அவர்கள் டெபியனைத் திருத்தி லின்எக்ஸ் என்னும் தமக்கான வழங்கலை உருவாக்கிப் பள்ளிகளில் வைத்தனர். ஓவியச் செயலிக்குத் தம் மண்ணில் பிறந்த ஓவியர் சுர்பரான் பெயரையே சூட்டினர். ஏழை நிலம் என்று பிறரால் எண்ணப்பட்டோர், கணினித் திரையில் தம் முன்னோர் பெயரை எழுதி வைத்தனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

இன்னும் அண்மையில், பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் என்னும் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்ற பெயரில் ஒரு மையத்தை நடத்தினர். அப்பகுதிப் பிள்ளைகள் ஜிம்ப் என்னும் கட்டற்ற செயலியில் ஓவியம் தீட்டக் கற்றனர். நம் தமிழகத்திலும் விழுப்புரத்துக் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் சிற்றூர் இளைஞர்க்குப் பயிற்சி அளித்து வருகின்றனர். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், இப்பொருளைத் தமிழிலேயே கற்க வழி செய்தது. எனவே ஆங்கிலம் வந்த பின்தான் கணினி என்று எவரும் காத்திருக்கத் தேவையில்லை.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று. 2011 முதல் வந்த அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. அதற்கும் முன்னரே, 2007ஆம் ஆண்டை ஒட்டி, எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அவர்கள் தலைமையில் சூசே லினக்ஸைத் தன் அலுவலகத்திலும் பள்ளிகளுக்கான கணினிகளிலும் புகுத்தியது. அப்படியாயின் கட்டற்ற இயங்குதளம் நமக்குப் புதியதன்று. நம் பிள்ளைகளின் பைகளிலேயே பல்லாண்டு இருந்தது. நாம் கண்ட வரையில், அதனைத் திறந்து பார்த்த மாணவர் மிகச் சிலர். கணினியைத் திறந்ததும் இரு பெயர்கள் தோன்றும். மேலோ கீழோ உள்ள பழகிய பெயரையே விரல் அழுத்தும். கற்றுக்கொடுப்பார் இல்லை, கேட்பாரும் இல்லை. இடம் வேண்டுமென்று அதனை அழித்தோரும் உண்டு.

இதனை எண்ணும்போது மகாத் நகரத்துக் குளம் நினைவிற்கு வருகிறது. பொதுநிதியில் பேணப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாத் நகராட்சியும் அடுத்த ஆண்டே தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஏட்டில் உரிமை வந்துவிட்டது. நீர் மட்டும் எவர் நாவையும் நனைக்கவில்லை. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று, குளத்தில் இறங்கி, அந்நீரை அள்ளிப் பருகினார். அன்றுதான் தீர்மானத்திற்கு உயிர் வந்தது. அதற்காக அம்மக்கள் அடிபட்டதையும் நாம் மறத்தற்கில்லை.

அவர்கள் பட்ட துன்பத்திற்கும் ஒரு மென்பொருளுக்கும் ஒப்புமை கூறுவது நம் நோக்கமன்று. குளத்தைத் தடுக்க ஆளிருந்தது. மடிக்கணினியில் இருந்ததைத் தொட நம்மைத் தடுத்தவர் எவருமிலர். ஆயினும் பாடம் ஒன்றே. எழுதிவைத்த உரிமை, எடுத்தாளும் வரையில் உரிமையாகாது. தனியாகச் செல்வோர் திரும்பி வந்துவிடுவர், கூடிச் செல்வோரே குளத்தை அடைவர். படியெடுத்துப் பகிரலாம், ஆராயலாம், திருத்தலாம் என்னும் உரிமைகளைக் கட்டற்ற மென்பொருள் நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அவற்றைக் கையாளக் கூட்டமாக இறங்க வேண்டியது நாமே.

ஆகவே சங்கத்தின் முன் நம் கருத்தைப் பணிவோடு வைக்கிறோம். முதலாவதாக, படிப்பகத்திற்கும் உறுப்பினர் வீடுகளுக்கும் டெபியன் உபுண்டு குடும்பத்தையே நாம் பொதுவாகக் கொள்வோம். 4 ஜி.பி.யும் அதற்கு மேலும் நினைவகம் உள்ள கணினிகளுக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு, 2 ஜி.பி. உள்ளவற்றிற்கு எல்எக்ஸ்க்யூடி திரைச்சூழலோடு டெபியன். முன்னமே பாஸ் லினக்ஸ் உள்ள கணினியில் அதனைத் திறந்து பழகத் தொடங்கலாம். குடும்பம் ஒன்றாதலின் கற்றது வீணாகாது. பதிப்பு பழையதாயின் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, ஏறத்தாழ 3 ஜி.பி. அளவுள்ள வழங்கலை அடிவாரத்தில் நல்ல இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை பதிவிறக்கிச் சரிபார்த்து, பென்டிரைவுகளில் படியெடுத்து, நூலகப் புத்தகம் போல இரவல் கொடுப்போம். ஒருவர் செலவில் ஊர் முழுவதும் பயன் பெறும்.

மூன்றாவதாக, ஓர் ஊருக்கு இருவர், அவருள் ஒருவர் பெண், நிறுவவும் பழுது நீக்கவும் பயிற்சி பெறட்டும். பெண் பிள்ளைகள் கணினியை எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைய வீட்டார் விடுவதில்லை. பக்கத்துத் தெருவில் ஓர் அக்காள் பழுது பார்ப்பாரெனின், அந்தக் கணினி பரண் ஏறாது.

நான்காவதாக, பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். எந்தக் கணினி, எந்த வழங்கல், எந்நாள் நிறுவியது, என்ன தகராறு, எப்படித் தீர்ந்தது என்பன அதில் எழுதப்படட்டும். ஒருவர் வேலை கிடைத்து வெளியூர் போனாலும் அவர் அறிவு ஊரில் தங்கும். மூன்றாண்டுகள் வரையில் பொது வழங்கலை மாற்றுவதில்லை என்று முடிவும் செய்துகொள்வோம். தம் சொந்தக் கணினியில் எவரும் எதையும் ஆராயலாம். படிப்பகத்துக் கணினி ஊரார் உடைமை.

இளைஞர்களே! ‘எந்த வழங்கல் உயர்ந்தது?’ என்று வாதிட்டுப் பொழுது போக்குவோர் உலகெங்கும் உளர். உயர்வு தாழ்வு பேசும் பழக்கத்தால் நாம் பட்டது போதும். நம் கணினி எது, நம் பணி எது, நம் மொழி எங்கே, நம் துணை யார் என்று மட்டும் கேளுங்கள். விடை தானே வரும். விடை வந்த பின் அதில் ஒன்றுபட்டு நில்லுங்கள்.